மாடத்தில் ஏறிய பெட்டி

கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கத்துத் தகட்டை நான் முதன்முதலாகக் கழற்றிய செவ்வாய்க்கிழமை மத்தியானம் வீட்டில் இருந்தவர்கள் நான், அம்மா, தங்கை. வீட்டுக்காரம்மா படியில் நின்று தலையை மட்டும் உள்ளே நீட்டியதால் அவரை அரை ஆளாகச் சேர்த்துக்கொள்ளலாம். இல்லாதவர் அப்பா. அவர் நொய்டா பக்கம் கொத்தனார் வேலையில் இருந்தார். பதினைந்து நாளைக்கு ஒரு முறை சனிக்கிழமை வருவார். பெட்டிக்குப் பாதிப் பணம் அவருடையது. வாங்கிய அன்றே, "என்னா ஆனாலும் தொறக்காத. தொறந்துட்டா கம்பெனிக்காரன் பாக்கமாட்டான்" என்று சொல்லியிருந்தார். நேரு ப்ளேஸ் கம்ப்யூட்டர் சந்தையில் இரண்டாம் கையாக வாங்கிய பெட்டிக்குக் கம்பெனியும் கிடையாது, பார்ப்பவனும் கிடையாது. அதை அவரிடம் சொல்லும் தைரியம் எனக்கு அன்றும் இல்லை.

"டேய், அப்பாவ ஒரு வார்த்த கேட்டுட்டுத் தொற" என்றாள் அம்மா.

"இதுல அப்பாவுக்கு என்னாம்மா தெரியும்?"

"காசு குடுத்தவருக்குத் தெரியாதது ஒனக்குத் தெரிஞ்சிபோச்சா?"

படியிலிருந்து வீட்டுக்காரம்மா, "கராப் ஹோ கயா க்யா?" என்று ஆசையோடு கேட்டார். கெட்டுப்போகவில்லை ஆன்ட்டி, சுத்தம் செய்கிறேன் என்றேன். நம்பவில்லை. அங்கேயே நின்றார்.

கெட்டுப்போகவில்லை என்பது உண்மைதான். பெட்டி நன்றாக வேலை செய்தது. அதன் இரைச்சல்தான் பிரச்சினை. அந்த இரைச்சலால் என் வேலை போகவிருந்தது.

ஆன்லைனில் பாடம் நடத்தும் ஒரு கம்பெனிக்கு ஆறாம் வகுப்பு அறிவியலைத் தமிழில் வாசித்துப் பதிவு செய்து அனுப்ப வேண்டும். அதுதான் வேலை. மந்திர் மார்க் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டாவது வரை படித்திருந்ததால் தில்லியில் இருந்துகொண்டே தமிழைத் தடுக்காமல் வாசிக்க எனக்கு வந்தது. எங்கள் வகையறாவில் எனக்கு முன்னால் யாரும் பள்ளிக்கூடத்தை முடித்ததில்லை. ஆனாலும் படித்தவன் செய்துகொண்டிருந்தது, முதுகில் பையை மாட்டிக்கொண்டு வீடு வீடாகப் பாலும் தயிரும் வெங்காயமும் கொடுக்கிற வேலை. பதிவு வேலை நிலைத்தால் அந்தப் பையைக் கழற்றலாம். நான்கு பாடம் அனுப்பினேன். நான்கும் திரும்பி வந்தன. "உங்கள் குரல் நன்றாக இருக்கிறது. பின்னால் ஃபேன் சத்தம். வரும் திங்கட்கிழமை விட்டு அதற்கடுத்த திங்கட்கிழமைக்குள் சரியான பதிவு வராவிட்டால் வேறு குரலுக்குப் போய்விடுவோம்." இதுதான் செய்தி. குரல் நன்றாக இருக்கிறது என்ற வரியை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். மற்ற வரிகளை விட்டுவிட்டேன்.

தங்கைக்கு எல்லாம் சுலபம். "போன்ல ரெக்கார்ட் பண்ணிடு பையா. ஃபினிஷ்." அவள் தில்லியில் பிறந்தவள். என்னை அண்ணா என்று கூப்பிட்டதே இல்லை, பையாதான். போனில் செய்ய முடியாது, அவர்களுடைய பதிவு செய்யும் சாஃப்ட்வேர் கம்ப்யூட்டரில் மட்டும்தான் ஓடும் என்று மூன்று தடவை சொல்லிவிட்டேன். நான்காம் தடவை அவள் கேட்டபோது திருப்புளியை எடுத்துக்கொண்டு பெட்டிக்குப் போனேன்.

ஜூன் மாதத்து தில்லியில் ஒரு பாடம் பதிவு செய்வது எப்படி என்று அனுபவித்தவனுக்குத்தான் தெரியும். முதலில் ஜன்னலில் பொருத்திய கூலரை நிறுத்த வேண்டும். பிறகு மேலே சுற்றும் ஃபேன். ஜன்னல் கதவைச் சாத்த வேண்டும். குக்கர் அடுப்பில் இருக்கக் கூடாது. அம்மாவும் தங்கையும் படிக்கட்டில் போய் உட்கார வேண்டும். ஐந்து நிமிடத்தில் அறை அடுப்பாகிவிடும். என் முகத்திலிருந்து வியர்வை மைக்கின் மேல் சொட்டும். வீட்டில் மனிதர்களுக்கு ஒரு ஃபேனும் ஓடாத அந்த நேரத்தில் பெட்டிக்குள் இருந்த அத்தனை ஃபேனும் ஒன்றாகக் கிளம்பும். குக்கர் விசில் அடிப்பதற்கு முன்னால் ஒரு மூச்சு இழுக்குமே, அந்த மூச்சை விடாமல் இழுத்துக்கொண்டே இருக்கும்.

தகட்டைக் கழற்றினால் உள்ளே தூசி, தூசியாக இல்லை. ஃபேன் இறக்கைகளின் மேல் பழைய கம்பளித் துண்டு போலப் படிந்து கிடந்தது. பெயிண்ட் பிரஷால் தட்டித் தட்டி எடுத்தேன். முன்பக்கம் இரண்டு ஃபேன், பின்பக்கம் ஒன்று, நடுவில் கம்ப்யூட்டரின் மூளை மேல் குட்டியாக ஒன்று. முன்பக்க ஃபேன்கள் காற்றை இழுப்பதற்கு வழி இருக்கிறதா என்று பார்த்தபோதுதான் வயிற்றெரிச்சல் தொடங்கியது. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. ஓரத்தில் விரல் நுழைகிற அளவு சந்து. கண்ணாடிக்குப் பின்னால் சிவப்பும் நீலமுமாக விளக்கு எரியும். இதை விரும்பி வாங்கியவன் நானேதான். கடையில் இன்னொரு கேபினெட்டும் இருந்தது. முன்பக்கம் இடியாப்ப அச்சு மாதிரி ஓட்டை ஓட்டையாக, கறுப்பாக, ஒரு விளக்கும் இல்லாமல். அதைக் கையால்கூடத் தொடவில்லை நான்.

கண்ணாடியைக் கழற்றி டிரங்குப் பெட்டிக்குப் பின்னால் செருகினேன். தங்கை அழாத குறை. அந்த விளக்கு வெளிச்சத்தில்தான் அவள் ரீல்ஸ் எடுப்பாள்.

"இனிமே இது டப்பாதான் பையா. சும்மா டப்பா."

"எனக்கு டப்பா போதும். சத்தம் போடாத டப்பா."

சத்தம் கொஞ்சம் குறைந்தது. கொஞ்சம்தான். பாடத்தின் இரண்டாம் பக்கத்தில் மறுபடியும் மூச்சு இழுக்கத் தொடங்கியது.

இதற்குள் அம்மா போன் போட்டு அப்பாவிடம் எல்லாவற்றையும் ஒப்பித்திருந்தாள். அப்பா கோபிக்கவில்லை. சாரத்தின் மேல் நின்றுகொண்டே யோசனை சொன்னார்.

"இதுக்கு என்னாடா படிப்பு வேணும்? யாருக்கு வேர்க்குதோ அவன் பக்கம் ஃபேனத் திருப்பு."

எங்கள் வீட்டுச் சட்டம் அது. கூலர் வருவதற்கு முன்னால் ஒரு டேபிள் ஃபேன், நான்கு பேர். யார் வெளியிலிருந்து வேர்த்து வருகிறார்களோ அவர்கள் பக்கம் திருப்பப்படும். அப்பா சொன்னதற்காக நான் கேட்டேன் என்று பழியை அவர் மேல் போடலாம். அப்படி இல்லை. எனக்கும் அது சரியென்றே பட்டது. நேரு ப்ளேஸுக்குப் போய் இன்னும் இரண்டு ஃபேன் வாங்கிவந்து பெட்டியின் மேல்பக்கம் கீழ்நோக்கி ஊதும்படி மாட்டினேன். பின்பக்க ஃபேனையும் கழற்றி உள்நோக்கித் திருப்பினேன். ஐந்து ஃபேனும் வேர்க்கிறவன் பக்கம். பத்து நிமிடத்தில் பக்கத்துத் தகடு தோசைக்கல்லாகிவிட்டது. சூடு தொண்ணூற்றொரு டிகிரி என்று திரை காட்டியது. சத்தம், மேம்பாலம் ஏறும் ஆட்டோ.

"அப்பா சொன்னா மாதிரிதான் செஞ்சியா?" என்றாள் அம்மா.

"அச்சு அசலா அப்படியேதான் செஞ்சேன்."

"அப்ப நீ வாங்குன ஃபேனு சரியில்ல."

புதன்கிழமையும் வியாழக்கிழமையும் படித்தேன். அதாவது டெலிவரிக்கு நடுவில், பைக்கை மரத்தடியில் நிறுத்திவிட்டுப் போனில் படித்தேன். எல்லாம் ஆங்கிலத்தில். எவனோ ஒருவன் ஏசி அறையில் உட்கார்ந்துகொண்டு, தன் கம்ப்யூட்டர் அறுபது டிகிரிக்குப் போய்விட்டது என்று வருத்தப்பட்டு எழுதியிருந்தான். அவனுக்கு இருபது பேர் ஆறுதல் சொல்லியிருந்தார்கள். எனக்கு வேண்டியதை நோட்டில் எழுதிக்கொண்டேன். முன்பக்கம் உள்ளே வர வேண்டும், பின்பக்கம் வெளியே போக வேண்டும். ஃபேனின் எந்தப் பக்கத்தில் நாலு கை வைத்த சட்டம் இருக்கிறதோ அந்தப் பக்கமாகத்தான் காற்று வெளியேறும். நிறைய ஃபேன் இருந்தால் ஒன்றோடொன்று சண்டை போடும். பெரிய ஃபேன் மெதுவாகச் சுற்றினால் சின்ன ஃபேன் வேகமாகச் சுற்றி ஊதும் அதே அளவு காற்றைச் சத்தமில்லாமல் தரும். இரும்புத் திருகாணி அதிர்வைப் பெட்டிக்குக் கடத்தும், ரப்பர் முளை கடத்தாது. இதில் எதுவும் புரியாத விஷயம் இல்லை. புரிந்த பிறகு, மேலே மாட்டிய இரண்டு ஃபேனையும் கழற்றியபோது என் மேலேயே எனக்கு எரிச்சல் வந்தது. காற்று உள்ளே வந்தால் வெளியே போக வேண்டும் என்பதைக் கற்றுக்கொள்ள மரத்தடியில் இரண்டு நாள் அகராதி பார்த்திருக்கிறேன்.

மறுபடியும் நேரு ப்ளேஸ். முன்பக்கத்துக்கு மெதுவாகச் சுற்றும் பெரிய ஃபேன் இரண்டு, ரப்பர் முளைகள், மூளைக்கும் அதன் ஃபேனுக்கும் நடுவில் தடவும் சாம்பல் நிறப் பசை. எல்லாம் நோட்டில் எழுதியபடி. முன்னால் இரண்டு உள்ளே, பின்னால் ஒன்று வெளியே. டிஷ்யூ காகிதத்தைப் பிடித்துப் பார்த்தேன். முன்னால் வைத்தால் ஒட்டிக்கொண்டது, பின்னால் வைத்தால் பறந்தது. பெட்டியைத் தூக்கி அதன் இடத்தில் வைத்து ஓட்டினேன். ஐந்து நிமிடம் அமைதி. பத்து நிமிடம் அமைதி. பதினைந்தாம் நிமிடம் குக்கர் மூச்சு.

பசையைத் துடைத்து மறுபடியும் தடவினேன். திரும்பவும் அதே பதினைந்து நிமிடம். பின்பக்க ஃபேனின் வேகத்தைக் கூட்டினேன், குறைத்தேன். ஒயர்களை எல்லாம் நூலால் கட்டி ஓரத்தில் ஒதுக்கினேன். திருகாணிகளைக் கழற்றி மாட்டிக் கழற்றி மாட்டி இரண்டு துளைகளின் மரை தேய்ந்தே போய்விட்டது. திங்கட்கிழமை வந்து போயிற்று. இனி ஏழே நாள். படிக்கட்டில் உட்கார்ந்து உட்கார்ந்து அம்மாவுக்கு வேர்க்குரு வந்துவிட்டது.

"ஒரு பொட்டிக்கு வேர்க்குதுன்னு ஊட்ல இருக்கறவங்கள வெளிய தள்ளிட்ட" என்றாள். "கேட்டா படிப்புன்ற."

"நானா அப்டி சொன்னேன்? நீதான் அத படிப்பு படிப்புன்னு சொல்ற."

"ஆமா. பின்ன என்னா அது?"

வெள்ளிக்கிழமை காலை. அம்மா சமையல் வேலைக்குப் போய்விட்டாள், தங்கை டியூஷனுக்கு. எனக்கு மத்தியான ஷிஃப்ட். பெட்டியைத் தரையில் கதவோரமாக இறக்கி வைத்து, தகட்டைச் சரியாக மூடி, ஓட விட்டுவிட்டுத் துணி துவைக்கப் போனேன். ஒரு மணி நேரம் கழித்து வந்தால் பெட்டி அணைந்து கிடந்தது. போயிற்று, மொத்தமாகப் போயிற்று என்று உட்கார்ந்துவிட்டேன். அப்புறம்தான் பின்பக்கம் கையை நீட்டினேன். உள்ளங்கையில் சூடாகக் காற்று பட்டது. கீபோர்டைத் தட்டினால் திரையில் ஐம்பத்தெட்டு டிகிரி. ஓடிக்கொண்டிருக்கிறது. மூன்று வீடு தள்ளி யாரோ மிக்ஸியில் சட்னி அரைக்கும் சத்தம் எனக்குக் கேட்டது. காலடியில் இருந்த பெட்டியின் சத்தம் கேட்கவில்லை.

சந்தோஷப்பட எனக்கு முழுதாக ஒரு நிமிடம் கிடைத்தது. பிறகு அம்மா காய்கறிப் பையோடு உள்ளே வந்தாள்.

"யாருடா இத தரையில வச்சது?"

இங்கே எங்கள் மாடத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்களுடையது ஒரே அறை. கிழக்குச் சுவரில் சிமெண்டுப் பலகை போட்ட ஒரு மாடமும், அதற்குப் பக்கத்தில் சாமி படங்களும். மற்ற வீடுகளில் அந்த மாடத்தில் டிவி இருக்கும். எங்கள் வீட்டில் நான் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த நாளிலிருந்து அதில் புத்தகம் இருந்தது. எந்தப் புத்தகமும் தரையில் கிடக்கக் கூடாது. கால் பட்டுவிட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் தமிழ்ப் பக்கம் எது, இந்திப் பக்கம் எது என்று பார்த்த பார்வையில் சொல்லிவிடுவாள். எந்தப் பக்கமானாலும் தரையில் கிடந்தால் எடுத்துத் துடைத்து மாடத்தில் வைப்பாள். பெட்டி வீட்டுக்கு வந்த அன்று புத்தகங்களை டிரங்குப் பெட்டிக்கு மாற்றி, மாடத்தைக் கழுவி, மஞ்சள் குங்குமம் வைத்து, பெட்டியை ஏற்றினோம். இரண்டு பக்கமும் இரண்டு விரல் இடைவெளி, பின்பக்கம் ஒரு விரல். அளவெடுத்துக் கட்டினாப்புல இருக்குதே என்று நாங்கள் நால்வரும் மாறி மாறிச் சொன்னோம்.

அந்த அளவுதான் எமன். பின்பக்க ஃபேன் வெளியே தள்ளிய சூடு சுவரில் முட்டி, இரண்டு விரல் சந்து வழியாகச் சுற்றிவந்து, மறுபடியும் முன்பக்க ஃபேன் வழியாக உள்ளே போயிருக்கிறது. போர்வையைத் தலையோடு இழுத்து மூடிக்கொண்டு படுத்தவன் தன் மூச்சையே திரும்ப இழுப்பது போல. அதற்கு எத்தனை ஃபேனை எந்தப் பக்கம் திருப்பினால் என்ன?

அம்மாவுக்கு இதை விளக்கினேன். நன்றாகவே விளக்கினேன். கேட்டுக்கொண்டே பெட்டியின் அடியைப் புடவைத் தலைப்பால் துடைத்தாள்.

"அப்ப ஃபேன வேற மாதிரி வையி."

"ஃபேனில்லம்மா. எடந்தான் தப்பு."

"எடத்துல என்னா தப்பு? சாமி பக்கத்துல இருக்குது."

"ரெண்டு மணி நேரம்தான். ரெக்கார்ட் பண்ணிட்டு மேல ஏத்திடறேன்."

"கால் படற எடத்துல படிப்ப வைக்காதடா. அதால சோறு தின்னப்போறவன் நீ."

சரி, ஒரு ஸ்டூலாவது போடலாமே என்று அறையை அளந்தேன். கட்டில், கேஸ் அடுப்பு, டிரங்குப் பெட்டி, கூலர், நான்கு பேர். ஸ்டூலை எந்த மூலையில் வைத்தாலும் ராத்திரி படுக்கும்போது யாராவது ஒருவருடைய கால் அதைப் பார்த்து நீளும். தெற்கே தலை வைத்தால் அப்பாவின் கால், மேற்கே வைத்தால் தங்கையின் கால். நோட்டில் படம் போட்டுப் பார்த்தேன். ஃபேனுக்குப் போட்ட படத்துக்கு அடுத்த பக்கத்தில் நான்கு பேர் படுத்திருக்கும் படம். ஒன்றும் சரிப்படவில்லை.

மறுநாள் காலை அம்மா போனதும் திருட்டுத்தனமாக இறக்கி வைத்தேன். எனக்கு வேறு வழி தெரியவில்லை. ஜன்னலைச் சாத்தி, கூலரை நிறுத்தி, வாசிக்கத் தொடங்கினேன். குரல் சுத்தமாக விழுந்தது. பாதிப் பாடத்தில் மரத்துப்போன காலை நீட்டினேன். பாதம் பெட்டியின் மேல் பட்டது. யோசிக்கவே இல்லை, வாசிப்பதை நிறுத்திவிட்டுக் குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருந்தேன். பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலில் எழுபது மார்க் வாங்கியவன். தகரம் அது, உள்ளே பசையும் ஒயரும் இருக்கிறது என்று என் கையாலேயே திறந்து பார்த்தவன். வந்த ஆத்திரத்தில் அந்தப் பதிவை அழித்தேன். அம்மா மேல் ஆத்திரமா என் மேல் ஆத்திரமா என்று இப்போதும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. பெட்டியைத் தூக்கி மாடத்தில் வைத்துவிட்டு டெலிவரிக்குப் போய்விட்டேன்.

சாயங்காலம் அப்பா வந்தார். மூன்று வாயாக ஒரே நேரத்தில் மூன்று கதை சொன்னோம். அவர் டீயைக் குடித்து முடித்துவிட்டு மாடத்துக்குள் கையை விட்டு, பின்சுவரை விரல் முட்டியால் தட்டினார்.

"ஒத்தக் கல்லு செவுரு. அந்தாண்ட படிக்கட்டுதான?"

"ஆமா."

"ஒரு கல்ல உருவிட்டா காத்து அந்தாண்ட போயிடப்போவுது. இதுக்குப் போயி ஆத்தாளும் மவனும் அடிச்சிக்கிறீங்க."

"வூட்டுக்காரங்க?" என்றேன்.

"எங்க அவங்க?"

வீட்டுக்காரரும் வீட்டுக்காரம்மாவும் கல்யாணத்துக்கு லூதியானா போயிருந்தார்கள். திங்கட்கிழமை மத்தியானம்தான் வருவார்கள். அப்பா இன்னொரு டீ கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பெட்டியை அம்மாவின் இரண்டு புடவைகளால் சுற்றிக் கட்டிலில் படுக்க வைத்துவிட்டு அப்பா உளியை எடுத்தார். ஒரு கல் என்றுதான் பேச்சு. முதல் கல்லை அசைத்ததும் கூடவே இரண்டு கல் பொலபொலவென்று வந்துவிட்டது. அப்பாவுக்கு வந்த கோபத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"எவன்டா கட்னான் இத? சிமெண்ட கண்ணுலயே காட்டல. வெறும் மண்ணு! இதுக்கு வாடக வேற வாங்கறான்!"

"மெதுவா பேசு. பக்கத்துல கேக்கப்போவுது" என்றாள் அம்மா.

"கேக்கட்டும்! கட்னவன் காதுலயும் வுழட்டும்!"

ஓட்டையைச் சுற்றித் தகரம் அடித்து, எலி வராமல் இருக்கக் கம்பிவலை வைத்து, ஓரங்களைப் பூசினார். நான் அட்டையை வெட்டி, பெட்டியின் பின்பக்க ஃபேனிலிருந்து ஓட்டை வரை ஒரு குழாய் மாதிரி செய்து, சந்துகளைப் பழைய துணியால் அடைத்தேன். பெட்டியை மாடத்தில் ஏற்றி ஓட விட்டோம். நால்வரும் எதிரில் உட்கார்ந்து பார்த்தோம். பதினைந்து நிமிடம் போயிற்று. அரை மணி போயிற்று. அறுபத்துமூன்று டிகிரி. தங்கை படிக்கட்டுக்குப் போய் ஓட்டைக்கு எதிரே கையை வைத்து, "பையா, இங்க ஹேர் ட்ரையர் மாதிரி வருது!" என்று கத்தினாள்.

அவள் கத்தியது வீட்டுக்குள் தெளிவாகக் கேட்டது. ஓட்டை வழியாக.

ஃபேன் சத்தம் போய்ப் படிக்கட்டுச் சத்தம் வந்துவிட்டது. முதல் பதிவில், "ஒளிச்சேர்க்கை என்பது" என்று நான் சொன்னதும் மேல்மாடிக்காரரின் செருப்பு டப் டப் என்று இறங்கியது. இரண்டாவதில் கீழ்வீட்டு நாய். மூன்றாவதில் தங்கையைப் படியில் காவலுக்கு உட்கார வைத்தேன். யாரோ வந்தார்கள் போலிருக்கிறது. "சுப்! பையா ரெக்கார்டிங் கர் ரஹா ஹை!" என்று அவள் வாயை மூடச் சொல்லி அதட்டியது, எந்த ஸ்டூடியோவிலும் அவ்வளவு சுத்தமாக விழுந்திருக்காது.

"வாயத் தொறக்காம கைய மட்டும் காட்டு. வாசக்கதவுகிட்டயே நிறுத்திடு."

"எவ்ளோ நேரம்?"

"ரெண்டு மணி நேரம்."

"கோல்கப்பே வேணும். இன்னிக்கும் நாளைக்கும். தோ ப்ளேட்."

இரண்டு தட்டு பானிபூரிக்கு ஒப்புக்கொண்டேன். ஞாயிறு சாயங்காலமும் திங்கள் காலையுமாக நான்கு பாடங்களை வாசித்து முடித்தேன். கூலர் இல்லை, ஃபேன் இல்லை, சட்டை இல்லை. அப்பா மூச்சுக்கூடச் சத்தமாக விடாமல் கட்டிலில் உட்கார்ந்து, நான் வாசித்ததைக் கேட்டுக்கொண்டிருந்தார். இலை எப்படிச் சாப்பாடு தயாரிக்கிறது என்ற இடத்தில் தலையை ஆட்டினார். திங்கட்கிழமை பதினொரு மணிக்கு அனுப்பினேன். பன்னிரண்டு மணிக்கு வீட்டுக்காரர் பெட்டியும் படுக்கையுமாகப் படியேறி வந்தார். அவருடைய முழங்காலில் சூடாகக் காற்று அடித்தது.

"யே க்யா ஹை?"

அப்பா கையைக் கட்டிக்கொண்டு, "மாலிக், ஹவா கே லியே" என்றார்.

"ஹவா? மேரீ தீவார் மே சே?"

தன் சுவர் வழியாக எவன் வீட்டுக் காற்று போகிறது, யாரைக் கேட்டு உடைத்தீர்கள், நாளைக்குக் கூரையையும் கழற்றிவிடுவீர்களா, உடனே அடை, இல்லாவிட்டால் அறையைக் காலி செய் என்று அவர் இந்தியிலும் பஞ்சாபியிலும் மாறி மாறிக் கேட்டார். அப்பா பதிலுக்கு, அந்தச் சுவரில் சிமெண்டே இல்லை என்பதை விளக்கத் தொடங்கினார். இந்த நேரத்தில் சொல்ல வேண்டிய விஷயமா அது? நான் நடுவில் புகுந்து, கம்ப்யூட்டர், சூடு, திங்கட்கிழமை என்று உளறினேன். அப்போது அம்மா என்னைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தாள். பதினெட்டு வருடம் தில்லி வீடுகளில் சமைத்துப் பழகிய இந்தி அவளுடையது.

"சரஸ்வதி மாதா கோ நீச்சே ரகேகா க்யா? பாவ் லகேகா. ஆப் போலோ, நீச்சே ரகேகா?"

சரஸ்வதியைத் தரையில் வைத்தால் கால் படுமே, நீங்களே சொல்லுங்கள் என்று கேட்டாள். வீட்டுக்காரர் கையிலிருந்த படுக்கையைப் படியில் இறக்கி வைத்தார். வீட்டுக்காரம்மா பின்னாலிருந்து, "பாத் தோ டீக் ஹை" என்றார். இவள் சொல்வதும் சரிதானே என்று மனைவியே சொல்லிவிட்ட பிறகு அவரால் ஓட்டையை அடைக்கச் சொல்ல முடியவில்லை. ஆனால் சரஸ்வதிக்கு இடம் கொடுப்பது வேறு, சுவருக்குப் பணம் வாங்குவது வேறு. மூவாயிரம் கேட்டார். ஒரு பைசா குறைக்கவில்லை. அந்தப் பேச்சில் அப்பாவின் அன்றைய கூலியும் போயிற்று.

புதன்கிழமை கம்பெனியிலிருந்து செய்தி வந்தது. "ஃபேன் சத்தம் இல்லை. இப்போது நீங்கள் எச்சில் விழுங்கும் சத்தம் கேட்கிறது. இனித் தண்ணீர் குடித்துவிட்டு வாசிக்கவும். நான்கு பாடங்களும் ஏற்கப்பட்டன. அடுத்த இருபது பாடங்களை இணைத்திருக்கிறோம்." இந்தத் தடவை எல்லா வரியையும் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அவள் எழுந்து போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து மாடத்துக்குக் கீழே வைத்தாள்.

சத்தத்தை அடக்க ஆன செலவை அன்று தங்கை போனில் கணக்குப் போட்டாள். தப்பாக வாங்கிய இரண்டு ஃபேன் ஆயிரத்து முந்நூறு, சரியாக வாங்கிய இரண்டு ஃபேன் ஆயிரத்து எண்ணூறு, பசை இரண்டு டியூப் ஐந்நூறு, ரப்பர் முளை நூற்றெண்பது, தகரம், கம்பிவலை, சிமெண்ட் எல்லாம் சேர்ந்து நானூற்றிருபது, கோல்கப்பே நூற்றிருபது, அப்பாவின் ஒரு நாள் கூலி தொள்ளாயிரம், வீட்டுக்காரருக்கு மூவாயிரம். ஆக மொத்தம் எட்டாயிரத்து இருநூற்று இருபது ரூபாய்.